வலது கையில் ஈரத்துணி

சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற வழியில், தூண்டில் சாமான் விற்கிற ஒரு கடை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவராக எங்கேயும் நின்றதில்லை. நான் கையைப் பிடித்து நடத்தினால் நடப்பார். உட்காரச் சொன்னால் உட்காருவார். அன்றைக்கு அவராகவே நின்று, "பிரெய்டு லைன் ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

பிரெய்டு லைன் என்பது மெல்லிய இழைகளைச் சடை மாதிரி பின்னிய தூண்டில் நூல். பார்த்தால் தையல் நூல் கனம்தான் இருக்கும். ஆனால் ஒரு விரால் பாசிக்குள் புகுந்து இழுத்தாலும் லேசில் அறுந்துபோகாது. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர் தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போய்விடுவார். காப்பிச் செடிக்குத் தண்ணீர் விட எஸ்டேட்டில் வெட்டிய குட்டை அது. வேலை செய்கிறவர்கள் மீன் பிடித்துக்கொள்ளட்டும் என்று முதலாளி விட்டிருந்தார்.

கடைக்காரர் நூல் கண்டை எடுத்து வைத்தார். மடங்கிக் கிடந்த வலது கையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ ரீலக் கொண்டாங்க. மிஷின்லயே சுத்திக் குடுத்துர்றேனுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேண்டாமுங்க. நானே சுத்திக்கறேன்" என்றார் இவர்.

மலை ஏறுகிற பஸ்ஸில், ஒவ்வொரு வளைவுக்கும் அவர் சாயாமல் நான் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இத நானாச் சுத்தீட்டா குட்டைக்குப் போறேன். முடியலைன்னா அந்த ராட யாருக்காச்சும் குடுத்துரு. அதோட அந்தப் பேச்சே வேண்டாம்."

ராடு போனால் போகட்டும். ஆனால் அது போனால் அந்தக் கையும் போன மாதிரி என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்காக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வராததால் நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். எதையும் வேண்டும் என்று கேட்காமல் இருந்த மனுசன், இத்தனை மாதம் கழித்து ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதிலும் இப்படி ஒரு பந்தயம்.

மலை மேலே, தலைச்சோலையில் எங்கள் வீட்டை ஒட்டி அவருடைய அக்கா வீடு. நான் அவரை நங்கை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் நங்கை நூல் கண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இது புரட்டாசி மாசம். கவிச்சி வாசமே ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு இருக்கறோம். உம் புருசனுக்குத் தூண்டி கேக்குதா?"

"திங்கறதுக்கா போறேன்? புடிச்சுத் தண்ணீல உட்டுர்றேன்" என்றார் இவர்.

"உடறதுக்கு எதுக்குடா புடிக்கோணும்? அது பாட்டுக்குத் தண்ணீலதான இருக்குது?"

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. புரட்டாசியில் நான் பெருமாளுக்கு விரதம் இருக்கிறவள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்து, சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பி நின்றேன். மேகம் இறங்கி மலை தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, சேர்வராயன் சாமி அங்கேதானே இருக்கிறது. "மீன உனக்கே திருப்பிக் குடுத்துர்றோம் சாமி. அந்தக் கைய மட்டும் எனக்குக் குடு" என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில், ராடில் மாட்டி நூல் சுற்றுகிற ரீலைக் கேட்டார். பரணிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தது நங்கைதான். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாய் திட்டினாலும் தம்பி என்றால் அவருக்கு உயிர்.

ரீலை மாட்டின ராடின் அடிப்பாகத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டச் சொன்னார். கட்டினேன். ரீலின் கைப்பிடியைக் கழற்றி இடது பக்கம் மாட்டினார். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கை விரலாலேயே வளையம் போட்டு, நூல் சுற்றுகிற உருளையில் முடிச்சு இறக்கினார். நான் கை நீட்டியபோதெல்லாம் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். கண்டை ஒரு ஸ்குரூ டிரைவரில் கோர்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டும்.

இந்த நூலை இறுக்கமாகச் சுற்ற வேண்டுமாம். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு கை கைப்பிடியைச் சுற்றும்போது, இன்னொரு கை ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, துணிய நான் புடிக்கறேனுங்க" என்றேன்.

"நீ வேண்டாம். இந்தக் கைதான் புடிக்கோணும்."

வலது கையை இடது கையால் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஈரத்துணியை மடித்து வைத்து, அதற்குள் நூலை விட்டார். கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் விரல் தானாகத் திறந்து துணி கீழே விழுந்தது. ரீலில் நூல் பஞ்சு மாதிரி உப்பிக்கொண்டது. சுற்றினதை எல்லாம் உருவி எடுத்தோம். மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நங்கை, "டேய், உங்கையி தூங்குது. மொதல்ல அத எழுப்பீட்டு அப்பறம் சுத்து" என்றார்.

இவர் சிரித்துவிட்டார். பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட வாய் கோணிக்கொண்டு வந்த சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அதற்கப்புறம் அவர் அவசரப்படவில்லை. துணியை வைத்துவிட்டு, கைப்பிடியைத் தொடாமல், அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையில் நரம்பு எழும்பியது. கட்டை விரல் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அழுந்தியது. துணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திண்டில் விழுந்தது. அப்போதுதான் மெதுவாகச் சுற்றினார். நூல் ஈரத்துணிக்குள் சர்ரென்று ஓடியது. என் கையில் கண்டு உருண்டது. சிறிது சுற்றுவார், விரல் நடுங்கினால் நிறுத்துவார், மூச்சு வாங்குவார், மறுபடி சுற்றுவார். ரீல் நிறைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"இழுத்துப் பாரு" என்றார்.

நூலைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி அசையவில்லை. ஆனால் உருளையின் மேல் சுற்றியிருந்த நூல் மொத்தமும், மெலிந்த கையில் வளையல் மாதிரி, அப்படியே வழுக்கிச் சுழன்றது.

"ரீலு கெட்டுப்போச்சாட்டம் இருக்குது" என்றார் நங்கை.

இவர் நூல் ஓரத்தில் தெரிந்த உருளையை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். "அக்கா, இதுல என்ன தடவுன?"

"தேங்கா எண்ணெதான். சாமிகிட்ட வெக்கற பொருளு, பளபளன்னு இருக்க வேண்டாமா?"

"இது என்ன விளக்கா, எண்ணெ போடறதுக்கு?"

இந்த நூல் வெறும் உருளையிலேயே சரியாகப் பிடிக்காதாம். அதில் எண்ணெயும் தடவினால் எப்படி நிற்கும். நங்கையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ வேறு பயம். அரை நாள் அந்த விரல் பட்ட பாடு வீண். இப்போது ராடை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்வராயா, சேர்வராயா என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் எண்ணெய் பட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆஸ்பத்திரியில குடுத்த பிளாஸ்திரி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

நங்கைதான் முதலில் எழுந்து ஓடினார். நூல் முழுவதையும் மறுபடி கண்டில் சுற்றினேன். உருளையைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காய வைத்தோம். துணி பிளாஸ்திரியை உருளையில் ஒரு சுற்று ஒட்டினார். அது வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்றார். அதன் மேல் முடிச்சைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை விரல் சீக்கிரம் நடுங்கியது. காலையில் இருந்த தெம்பு இல்லை. துணி விழுந்தபோதெல்லாம் அவரே குனிந்து எடுத்தார். முகத்தில் கோபமோ சலிப்போ இல்லை. ஜீப்பில் ஆள்களை வைத்துக்கொண்டு மழையில் மலை இறங்கும்போது எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தார். இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும், இவருக்குள் இவ்வளவு பொறுமை இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

உருளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தினார். விளிம்பு வரைக்கும் ஏற்றினால், வீசும்போது கொத்தாக வெளியே வந்து சிக்கிக்கொள்ளுமாம். நூலை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இறுக்கமாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. அவருடைய வலது கை திண்டின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கி என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "என்ன புள்ள இது" என்று வெட்கப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்தவர் ஒருவரின் ஜீப்பில் குட்டைக்குப் போனோம். கரையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். விராலை ஏமாற்றுகிற, முள் வைத்த ரப்பர் தவளையை நூலில் மாட்டி இடது கையால் வீசினார். முதலில் காலடியிலேயே விழுந்தது. அப்புறம் விழுந்தது பாசி ஓரத்தில், அவர் குறி வைத்த இடத்தில். ராடை வலது கக்கத்தில் இடுக்கி, அந்தக் கையை ராடின் மேல் போர்த்தி வைத்துக்கொண்டு, இடது கையால் சுற்றினார்.

எத்தனையோ தடவை வீசின பிறகு, தண்ணீர் பளீரென்று உடைந்தது. ராடு வில்லாக வளைந்தது. "சேர்வராயா!" என்று நான் கத்திவிட்டேன். விரால் பாசிக்குள் இழுத்தது, இவர் வெளியே இழுத்தார். நூல் விறைத்து நின்றது. வழுக்கவில்லை. வலது கை ராடை விடவில்லை. மீன் கரைக்குப் பக்கத்தில் வந்து, கருத்த முதுகைக் காட்டி, ஒரு உதறு உதறி, தவளையைத் துப்பிவிட்டுப் போயிற்று.

எனக்கு ஐயோ என்று இருந்தது. இவரோ ரீலையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நங்கை பையை எட்டிப் பார்த்தார். "மீன் எங்கடா?"

"குட்டைலதான்."

"அப்ப எதுக்குப் போன?"

"எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வந்தேன். வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி போறேன்" என்று சொல்லிவிட்டு, நூலைத் துடைக்க என்னிடம் ஒரு துணி கேட்டார்.