பெருமை பேசத் தெரியாத மெரின்

மெரின் ட்ரெகென்சா நடிகையாவாள் என்று அடிலெய்டுக்கு வெகு தொலைவில் கோதுமை விளையும் எங்கள் போர்ட் வல்காவில் யாரும் நினைத்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாள் என்று நினைத்தவர்கள் உண்டு. சின்ன வயதிலேயே அவளுக்கு வாய் அப்படி. கறிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறி நிறுப்பது, பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் எங்கே விட்டோம் என்று முழிப்பது, பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள் கியர் மாட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது, எல்லாம் அவளுக்கு அச்சு அசலாக வரும். ஃபுட்பால் கிளப்பில் கேண்டீன் நடத்தும் அவள் அம்மா லினெட்டுக்கு ஊருக்குள் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஃபுட்பால் கிளப்பின் வருடக் கடைசி விழா வந்தது. ஆட்டக்காரர்கள் பாவாடை கட்டிக்கொண்டு கூத்தடிக்கும் விழா அது. அந்த வருடம் நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கூத்தெல்லாம் முடிந்த பிறகு இந்தப் பெண் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மேடையேறினாள். காற்சட்டையை மேலே இழுத்துவிட்டாள், தொண்டையைக் கனைத்தாள், "நண்பர்களே, இந்த வருஷம் நம்ம பசங்க நல்லா முன்னேறிட்டாங்க" என்றாள். கிளப் தலைவர் நெவ் பாஸ்கோவேதான்! அவரோ முன்வரிசையில் பியரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். ஜனம் மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்தது. மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னைவிட நல்லாத் தலைவர் வேலை பாக்குறா. அவளையே எடுத்துக்கச் சொல்லுங்கடா, நான் நிம்மதியா மீன் பிடிக்கப் போறேன்" என்றார்.

அப்பா ராய்ஸ்தான் வீட்டுக்கு வண்டி ஓட்டிப்போனார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, "நெவ் நடக்கறப்ப இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதை விட்டுட்ட" என்றார். அவ்வளவுதான். மறுநாள் மெரின் கண்ணாடி முன்னால் இடது காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள்.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் எங்களை மெச்சிக்கொள்வதில்லை. எவன் வயலில் கோதுமை இடுப்பளவு நிற்கிறதோ அவன், "ஏதோ முளைச்சிருக்கு" என்பான். சிறந்த ஆட்டக்காரன் பதக்கத்தை வாங்கியவன், "மத்தவனுங்க அடிபட்டுக் கிடந்தானுங்க, அதான்" என்பான். தப்பித் தவறி யாராவது தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, சாகிற வரை அதைச் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார்கள். பிரியம் என்பது கிண்டலாகத்தான் வரும். யாராவது நம்மிடம் மரியாதையாகப் பேசினால் அவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மெரின் இந்த மண்ணில் வளர்ந்தவள்.

அடிலெய்டு நாடகப் பள்ளியில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமும் போனாள், அப்போதும் இல்லை. மூன்றாம் முறை அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும், சேர்த்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்து சிட்னிக்குப் போய் ஒரு காபிக் கடையில் தட்டு தூக்கினாள். கடைசியில் தொலைக்காட்சியில் ஒரு வேஷம் கிடைத்தது. என்ன வேஷம் தெரியுமா? பிணம். துப்பறியும் தொடர் ஒன்றில் ஆற்றங்கரையில் குப்புறக் கிடக்க வேண்டும். அதைப் பார்க்க கிளப்பில் ஊரே கூடியது. கறி அடைத்த பேஸ்டி சுட்டு வைத்துக்கொண்டு கல்யாணக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் நெவ் அவளுக்கு போன் போட்டார்.

"அருமையா நடிச்ச. கடைசி வரைக்கும் வாயே திறக்கல. வீட்லயும் அப்படியே இருந்தா உங்கம்மா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

மெரினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம் ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் நர்ஸ் வேஷம் வந்தது. கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள் அவளை நிறுத்தி மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள். பத்திரிகை ஒன்று 'வளர்ந்து வரும் நட்சத்திரம்' என்று அவள் படத்தைப் போட்டது. ஊரில் அதை அழகாக வெட்டி, கிளப் கக்கூஸ் கதவில் ஒட்டி வைத்தார்கள். எங்களுக்குப் பிரியமில்லாதவர்கள் படம் அங்கே ஏறாது.

ஆனால் கதையில் நர்ஸை விபத்தில் கொன்றுவிட்டார்கள். அதோடு வேலையும் போயிற்று. ஒரு வருடம் ஓடியது, ஒரு அழைப்பும் இல்லை. ராய்ஸுக்குத் தோளில் வலி வேறு, அறுவடைக்கு ஆள் போதவில்லை. மெரின் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா அறுப்பு மெஷின் ஓட்ட, அவள் டிராக்டரில் தானியத் தொட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். இந்த வருடத்தோடு நடிப்பை விட்டுவிடலாம், டீச்சர் வேலைக்குப் படிக்கலாம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. தீவில் தனியாகக் கலங்கரை விளக்கைக் காக்கும் பெண், பெரிய தொடர், தேர்வானால் அவள்தான் நாயகி. மெரின் ஒரு காட்சியை நடித்துப் படம் பிடித்து அனுப்பினாள். டைரக்டர் கார்டெல்லுக்கு அது பிடித்துப்போய், கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டார்.

"முழுத் தொடரும் உங்க தோள்மேலதான் நிக்கும். உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

"முயற்சி பண்றேன் சார். என்னைவிட நல்லா நடிக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க" என்றாள் மெரின்.

நல்லபடியாகப் பதில் சொன்ன திருப்தியில் டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் சிட்னியிலிருந்து அவள் ஏஜென்ட் ஷெவோன் போனில் கத்தினாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? உனக்கு இந்த வேலையே வேணாம்னு அவங்க நினைச்சுட்டாங்க!"

"ஐயோ, நான் அடக்கமாத்தானே பேசினேன்?"

"உங்க ஊர்ல அது அடக்கம். அவங்க ஊர்ல அதுக்குப் பேரு பயம். கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்கேன். நாளைக்குக் காலைல ஒரு காட்சியை நேரா நடிக்கச் சொல்லி, இன்னொரு தடவை பேசுவாங்க. இதுதான் கடைசி. நான்தான் இதுக்குச் சரியான ஆளுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லு. புரியுதா?"

அன்று சமையலறையில் லினெட் மகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். பயிற்சியா அது!

"சொல்லு. நான் ரொம்ப நல்லா நடிப்பேன்."

"நான் ரொம்ப..." மெரினுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வரமாட்டேங்குதும்மா. நீ சொல்லேன் பாப்போம். இந்த வட்டாரத்துலயே நான்தான் நல்லா கேண்டீன் நடத்துறேன்னு சொல்லு."

"சீ போடி! நாலு பேர் கேட்டா காறித் துப்புவாங்க."

ராய்ஸ் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் வடக்கிலிருந்து அனல்காற்று அடித்தது. அந்த மாதிரிக் காற்றில் ஒரு பொறி போதும், மாவட்டமே எரிந்துவிடும். அதனால் எல்லார் வயலிலும் மெஷின்கள் நின்றுவிட்டன. ராய்ஸுக்கு வேலையில்லை. எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைப் படிக்க மெரின் அவரைத்தான் பிடித்தாள். காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, அவரைக் கேமராவில் தெரியாதபடி ஓரமாக உட்காரவைத்தாள்.

கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் மாலுமி ஒருவனின் வசனம் அது. ராய்ஸ் அதை ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசித்தார். ஆனாலும் மெரின் நடித்தாள். அந்த மாலுமிக்காக அவள் கதறியதில் ஜன்னலுக்கு வெளியே நாய்கூட ஊளையிட்டது. காட்சி முடிந்தது. டைரக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட போன தடவை கேட்டதையே கேட்டார்.

"மெரின், இந்த வேஷத்துக்கு நீங்கதான் ஆளா?"

வாயைத் திறந்தாள். எத்தனை பேருடைய குரலைப் பேசிய வாய்! தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. "அது வந்து சார்... பாக்கலாம்..." என்று இழுத்தாள். டைரக்டரின் முகம் சுருங்கியது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஓரத்துல வசனம் படிச்சது யாரு?" என்றார் டைரக்டர், பேச்சை முடித்துக்கொள்ளும் தோரணையில்.

"எங்கப்பா சார்."

"அப்படியா! வணக்கம் சார், கொஞ்சம் முன்னாடி வாங்க. நீங்க சொல்லுங்க, உங்க பொண்ணு எப்படி நடிப்பா?"

 அப்பாவிடம் போய் இதைக் கேட்கிறார்களே! அவளுக்குத் தெரிந்து அவர் அவளுடைய ஒரு நாடகத்துக்குக்கூட வந்ததில்லை. கேட்டால், ஏதோ நடிப்பா என்பார். அதற்குமேல் இந்த ஊரில் எந்தத் தகப்பனும் சொன்னதில்லை.

ராய்ஸ் குனிந்து கேமரா முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். 

"அடிலெய்டுல படிக்கிறப்ப ஒரு சின்ன ஹால்ல நாடகம் போட்டா சார். டிராக்டருக்கு பார்ட்ஸ் வாங்கணும்னு வீட்ல சொல்லிட்டு நான் கிளம்பிப் போனேன். கடைசி வரிசைல உக்காந்தேன். மகனைப் பறிகொடுத்த பொம்பளையா வந்தா. கொஞ்ச நேரத்துல அது என் பொண்ணுங்கறதே எனக்கு மறந்துபோச்சு. அந்தப் பொம்பளைக்காக அழுதுட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை குடுத்தாரு." தொண்டையைக் கனைத்தார். "அடுத்த நாடகத்துக்கும் போனேன். அவ போட்ட எல்லாத்துக்கும் போனேன். ஊர்ல எங்கிட்ட இருக்கிற அளவுக்கு டிராக்டர் பார்ட்ஸ் யார்கிட்டயும் கிடையாது. இவளை மாதிரி நடிக்கிற ஆளை நான் எங்கயும் பார்த்ததில்ல சார். நீங்களும் பார்த்திருக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. மெரின் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது. கேமரா ஓடுகிறது என்பதே நினைவில்லை.

"மெரின், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் டைரக்டர்.

தன்னை மெச்சிக்கொள்ள அவளால் அப்போதும் முடியாது. ஆனால் கூசிக் கூசி இவ்வளவையும் சொன்ன மனுஷனை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுப்பாளா?

"டிராக்டர் பார்ட்ஸ் விஷயத்தைத் தவிர எங்கப்பா வேற பொய் சொல்லி நான் கேட்டதில்ல சார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு சொல்றது நிஜம்."

காற்று தணிந்து மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று, டிராக்டரில் இருக்கும்போது ஷெவோனின் போன் வந்தது. அப்பா வயலின் அந்தக் கோடியில் புழுதிக்குள் இருந்தார். மெரின் வண்டியிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள். அதில் பேசினால் சுற்றுவட்டாரத்தில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் கேட்கும். அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்?

"அப்பா! கிடைச்சிருச்சுப்பா! நான்தான் நாயகியாம்!"

அறுப்பு மெஷின் கோதுமைக்கு நடுவில் அப்படியே நின்றது.  ராய்ஸ் தன் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"டேய், எல்லாரும் கேக்குறீங்களா? நெவ், நீயும் கேக்குறியா? அமெரிக்காக்காரன் உலகத்தையே சலிச்சுப் பார்த்துட்டு என் பொண்ணுதான் வேணும்னுட்டான். அவ நடிச்சா கல்லும் கரையும்டா. நான் பார்த்திருக்கேன்."

 வயர்லெஸ்ஸில் நெவ் பாஸ்கோவின் குரல் வந்தது.

"யோவ் ராய்ஸ்! என்னய்யா, வெயில்ல மூளை கலங்கிருச்சா? பீத்திக்கிற?"

"ஆமாய்யா, பீத்திக்கிறேன்" என்றார் ராய்ஸ். "என்ன இப்ப?"