என்னைவிட இரண்டு வயது மூத்த நான்

நான் பிறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே நான் பிறந்துவிட்டதாக எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. அதை முதன்முதலாகக் கையில் வாங்கிப் படித்தபோது எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. காகிதத்தைக் கேட்டால் பதினொன்று என்றது.

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், உடம்புக்கு ஒரு வயதும் காகிதத்துக்கு ஒரு வயதுமாக ஆட்கள் இருப்பது அதிசயமில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவர் எழுத்துப்படி தன் தாயைவிட ஏழு வயதுதான் இளையவர். "எங்க ஆத்தா பால்பல்லு விழுகும்போதே என்னப் பெத்துருச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் வெறும் இரண்டு வயது என்னைக் குழப்பியிருக்காது. குழப்பியது என் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தார். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வருவார், மற்றபடி காய்ச்சல் வந்தால் வருவார். மாமா உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறியிருந்தார். அளவையியல் என்ற தர்க்கப் பாடத்தில் மட்டும் நல்ல புள்ளி. மற்ற இரண்டு பாடங்களும் காலை வாரிவிட்டன. பகலில் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. மூன்றாம் தடவை எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டு நீல மட்டை போட்ட கொப்பி ஒன்றை இடுப்பில் செருகியபடியே திரிவார். அந்தக் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கிரேக்கக் கிழவர் செத்துக்கொண்டிருந்தார். எல்லா மனிதரும் இறப்பவர், கிழவர் ஒரு மனிதர், ஆகவே கிழவர் இறப்பவர். ஒரு மனுசனை இத்தனை தடவை சாகடிக்கிறாயே, அவர் உனக்கு என்ன செய்தார் என்று அம்மா கேட்பாள்.

மாமா விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. காலையில் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்கு ஆள் நின்றால் புத்தகத்தில் ஒரு கோடு விழும். புதிதாகக் கலியாணம் கட்டி வந்த ஒரு பெண், புத்தகத்தில் பேர் ஏறுவதற்கு முன்பே அவசரப்பட்டு மலைக்குப் போய், ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டாள். மாலையில் அந்தக் கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"புத்தகத்துல பேரில்ல. பேரில்லாட்டி ஆளில்ல. ஆளே இல்லன்னா கொழுந்த யாரு பறிச்சா? அது தானாப் பறிஞ்சு தானாக் கூடைக்குள்ள விழுந்துருக்கு" என்பார் மாமா.

லயமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கிய பிறகு கொழுந்து பறித்து அந்தப் பெண்ணின் விரல் நுனியில் ஏறியிருக்கும் கறுப்புக் கறையை நினைத்துக்கொள்வேன். இல்லாத ஆளின் விரலில் கறை எப்படி ஏறியது என்று எனக்கு விளங்காது.

ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிவம் நிரப்பும் நாள் வந்தது. அதில் தேறினால் பதுளை டவுனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். நான் மனதுக்குள் ஏற்கனவே போய்விட்டிருந்தேன். வெள்ளைச் சப்பாத்து எந்தக் கடையில் வாங்குவது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். டீச்சர் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார். வயது கூடிய பிள்ளைகள் அந்தப் பரீட்சையை எழுத முடியாதாம். பார்வைக்கு எட்டு வயது மாதிரி இருக்கிறாய், காகிதத்தில் பெரிய மனுசியாக இருக்கிறாயே என்றார். இரண்டு கிழமைக்குள் சரியான பத்திரம் கொண்டுவந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் இல்லை.

அதுவரை என் காகித வயதால் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. வந்ததெல்லாம் அம்மாவுக்குத்தான். வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிறையும் உயரமும் பார்க்கிற நர்ஸ், வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்று எழுதிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஏசுவார். பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா என்பார். அம்மா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பாள். ஒரு தடவைகூட எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இன்னொன்று, தீபாவளிக்கு எடுக்கும் கவுன். அது எப்போதும் எனக்கு இரண்டு வயது பெரியதாகவே இருக்கும். தோள் வழியும், கீழ்மடிப்பு கணுக்காலைத் தொடும். வளருகிற பிள்ளை, அடுத்த வருடமும் போடலாம் என்பாள் அம்மா. சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அடுப்படியில் விசயத்தைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே சந்தோசம். பரீட்சைக்கு வெளியே ஒரு நிஜமான கேள்வி அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு விரலை மடக்கினார்.

"பரீட்ச எழுதப்போற புள்ளைக்கு வயசு ஒம்பது. இந்தக் காயிதத்துல இருக்குற புள்ளைக்கு வயசு பதினொண்ணு. ஆகவே பரீட்ச எழுதப்போறவ காயிதத்துல இருக்குறவ இல்ல. எவனும் இதுல ஒரு ஓட்ட கண்டுபிடிக்க ஏலாது."

எனக்கும் அது மிகவும் சரியாகப் பட்டது. சரியாகப் பட்டதால்தான் கேட்டேன்.

"அப்ப காயிதத்துல இருக்குறவ எங்க மாமா?"

மாமா கொப்பியை மூடினார். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"இங்கதான் இருக்கா" என்றாள் அம்மா.

என்னைப் பார்த்துச் சொன்னாளா, டிரங்குப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. நான் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது மாமா சொன்னார். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தாள். இதே பேர். பதிமூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது, மழை விடவில்லை, பாதையில் மண் சரிந்து கிடந்தது. விடிந்ததும் தேயிலை மலைக்கு மேலே, யூகலிப்டஸ் என்கிற கருப்பந்தேயிலை மரங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். அதைப் போய் எந்தப் பதிவுக் கந்தோரிலும் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாரியில் நான் பிறந்தேன். அம்மாவுக்கு வாயில் வேறு பேர் வரவில்லையாம். பதியப் போனால் உயிரோடு உள்ள பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்களே என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். அம்மாவுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று லயத்தில் எல்லோரும் சொல்லாமலே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வழி கண்டுபிடித்தது மாமாதான். ஒரே பேர், ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே லயம், ஒரே காம்பரா. எல்லாமே ஒன்றென்றால் இரண்டும் ஒன்றுதான். அதற்கும் கொப்பியில் ஒரு விதி இருந்ததாம். தேதியை மட்டும் விட்டுவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார்.

அதன் பிறகு என் தலைக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது. பேரில்லாட்டி ஆளில்லை. சரி. பேர் காகிதத்தில் இருக்கிறது. அது மூத்தவளின் காகிதம். அப்படியென்றால் அவள் இருக்கிறாள். எனக்குக் காகிதம் இல்லை. அப்படியென்றால், இவ்வளவையும் யோசித்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு படி ஏறுகிறவள் யார்? எங்கள் இருவரில் செத்தது யார்? மாமா முதலில் இரண்டும் ஒன்று என்று நிரூபித்தார், பிறகு இரண்டும் வேறு என்று நிரூபித்தார். இரண்டிலும் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

வகுப்பில் என் பேரைக் கூப்பிட்டபோது ஒரு நாள் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன், வேறு யாராவது 'உள்ளேன்' சொல்கிறார்களா என்று. டீச்சர் வெண்கட்டியால் எறிந்தார். அது என் நெற்றியில்தான் பட்டது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது கிழமை அம்மா வேலைக்குப் போகாமல் என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பசறை கந்தோருக்குப் போனாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தபோதெல்லாம் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அந்த ஒரு காகிதமும் நான் பிறந்தபோது மருத்துவிச்சி கொடுத்த அட்டையும் இருந்தன.

கந்தோரில் முக்காடு போட்ட ஒரு மிஸ் இருந்தார். பதுளை டவுன் முஸ்லிம் ஆள், நல்ல தமிழ். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இரண்டு படிவங்களை மேசையில் வைத்தார். ஒன்று எனக்கு. ஆனால் அதற்கு முன்னால் மற்றது.

"மூத்த மகளோட மௌத்த முதல்ல பதியணும். இல்லாட்டி ஒரே பேர்ல ரெண்டு புள்ள உசிரோட நிக்கிது. நான் மத்தத எழுத ஏலாது."

அம்மா பேனையைத் தொடவில்லை. மாமா எழுந்தார். "மிஸ், இதுல மூணு விசயம் இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க அந்த வாங்குல போய் இருங்க" என்றார் மிஸ்.

மாமா போய் வாங்கில் உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. குழந்தையோடு நின்ற ஒருத்தி, என்ன இவ்வளவு நேரம் என்று சத்தமாகவே முணுமுணுத்தாள். மிஸ் குரலைத் தாழ்த்தினார். தாய் தன் வாயால் சொன்னால்தான் எழுதலாம் என்றார். "மூத்த புள்ள இல்லதானே?"

அம்மா மேசையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஏசும்போது நிற்பாளே, அதே நிற்றல்.

எல்லாம் என்னால் வந்தது என்று எனக்குப் பட்டது. மூத்தவள் இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு விருப்பமில்லை. ஆனால் மிஸ்ஸுக்கு ஒருத்தி இல்லாமல் இருந்தாக வேண்டும். எனக்கு ஒரு வழி தெரிந்தது. சுலபமான வழி, மாமாவின் கொப்பியிலேயே இருந்த வழி. வெள்ளைச் சப்பாத்து போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

"மிஸ்" என்றேன், "மூத்தவ இருக்கா. இல்லாதது நான்தான். எனக்குத்தான் காயிதம் இல்ல."

சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தேன், மெச்சுவார் என்று. மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். மழைக்காலத்தில் சரிவில் இறங்கும்போது பிடிப்பாளே, அப்படி. எலும்பு வலித்தது. என் முகத்தையே பார்த்தாள். நெற்றி, மூக்கு, நாடி என்று ஒவ்வொன்றாக. பிறகு பிடித்த கையை விடாமலே மற்றக் கையால் பேனையை எடுத்தாள்.

"மாரியில போனா" என்றாள். "பதிமூணு மாசம். செவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கப் பழகுனா."

மிஸ் எழுதினார். நடக்கப் பழகியதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அம்மா தன் பேரை ஒவ்வோர் எழுத்தாக வைத்தாள். இரண்டாவது படிவத்தில் அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

புதிய பத்திரம் நேரத்துக்கு வந்தது. பரீட்சை எழுதினேன், ஒன்றும் கிழித்துவிடவில்லை, பதுளைப் பள்ளிக்கூடம் எனக்குக் கிடைக்கவில்லை. மாமா மூன்றாம் தடவை எழுதவே இல்லை. யாராவது ஆகவே என்று பேச்சை ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த தடவை நர்ஸ் வந்து, வயதுக்கு ஏற்ற வளர்த்தி என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடாமலே நான் ஆரோக்கியமான பிள்ளையாகிவிட்டேன். அதுவும் எனக்கு விளங்கவில்லை. இன்று என் அடையாள அட்டையில் இருப்பது என் சொந்தத் தேதி. படிவம் நிரப்பும்போது அதை எழுதுவதற்கு முன்னால் இன்னமும் ஒரு கணம் யோசிக்கிறேன்.

அன்று கந்தோரை விட்டு வெளியே வந்த பிறகு ஒன்று நடந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அம்மா என்னைப் பசறை பசாரில் ஒரு துணிக்கடைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. கந்தோரில் தப்பாகப் பேசியதற்கு ஏச்சு விழும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, கடைக்குள் ஏன் போகிறோம் என்றே புரியவில்லை.

"ஒம்பது முடிஞ்சு பத்து நடக்குது. அந்த வயசுக்கு ஒரு கவுன் காட்டுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

மஞ்சளில் சின்னப் பூப் போட்டது. அம்மா அதை என் தோளில் வைத்துப் பார்த்தாள். தோள் தோளில் நின்றது. கீழ்மடிப்பு முழங்காலில் நின்றது. எங்கும் வழியவில்லை. எனக்குத் திக்கென்றது, இவ்வளவு சிக்கனக்காரி இப்படிக் கவனமில்லாமல் வாங்குகிறாளே.

"அம்மா, இது அளவா இருக்கு. அடுத்த வருசம் பத்தாது" என்றேன்.

"பத்தாட்டி அடுத்த வருசம் வேற எடுப்போம்" என்றாள்.

சொன்னவள், கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கவுனை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மாமா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலை கூடிவிட்டது போல என்று நினைத்தேன். கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கேட்காமலே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.