மாதி வரைந்த யானைகள்

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்தேன். கடைக்காரர் கொடுத்த பையில் அச்சடித்த யானை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. யானை சிரித்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு யானை கண்ணீர் வடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் ராயபுரத்தில் ஒரு மரவாடியில் எனக்குக் கட்டை உருட்டும் வேலை. கல்யாணமான புதுசு; பயமே தெரியாதவன் மாதிரி நடந்துகொள்வேன். ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் தேக்குக் கட்டைகளை இழுத்து அடுக்க, பொன்னி என்றொரு பெண் யானை இருந்தது. பாகன் காளனும் அவன் பெண்சாதி மாதியும் மேற்கு மலைக்காரர்கள். வாடியின் பின்சுவரை ஒட்டிக் குடிசை. அந்தச் சுவரில் மாதி படம் போடுவாள், வேங்கைப் பிசினைச் செம்மண்ணோடு குழைத்து, விரலாலேயே. ஒரு துவர்ப்பு வாடை அடிக்கும். இப்போதும் எங்காவது சுவருக்குக் காவி பூசினால் கால் நின்றுவிடுகிறது.

அவள் படத்தில் யானையும் மனிதரும் ஒரே உயரம். எனக்குக் கேலி.

"இன்னா மாதி, யானை ஆட்டுக்குட்டி கணக்கா கீது?"

"ஆனெ பெருசுன்னு ஆருக்குத் தெரியாது? பக்கத்துல நிக்கிறப்ப அது எங்க ஆளு" என்றாள், திரும்பாமலே.

வாடிக்கு நீராவி கிரேன் வந்தது. முதல் கட்டையைத் தூக்கும்போதே ஊளையிட்டு ஆவியைப் பீய்ச்சியது. பொன்னி மிரண்டு திரும்ப, அது இழுத்துவந்த கட்டை புரண்டு காளனின் காலில் ஏறியது. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து கேட்டைச் சாத்தினோம். உள்ளே பிளிறலும் கட்டைகள் சிதறும் சத்தமும். போலீஸ் சார்ஜண்ட் துப்பாக்கியோடு வந்து மதில்மேல் ஏறினான்.

"சுட்டுடுங்க தொரை! கேட்டை ஒட்ச்சிகினு வந்துச்சுன்னா தெருவுல பொணம் வுழும்" என்றார் மேஸ்திரி. அதிலும் நியாயம் இருந்தது. கொஞ்சம் தள்ளித்தான் என் வீடு. உள்ளே என் மனைவி.

காளனின் தலையை யார் மடியிலோ வைத்துவிட்டு மாதி எழுந்தாள். கேட்டின் இடுக்கில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். குறிக்குக் குறுக்கே அவள் முதுகு. சார்ஜண்ட் கத்தினான், அவள் காதில் வாங்கவில்லை. இடுக்கு வழியே எட்டிப் பார்த்தோம். பொன்னி பின்சுவரில் ஒண்டி, முன்காலை ஊன்றாமல் நின்றது. கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் கோடு போட்டிருந்தது. அதன் எதிரே போய் அவள் உட்கார்ந்தாள். தும்பிக்கை உயர்ந்தது. என் பக்கத்தில் நின்ற வாடிக் கூட்டாளி காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். தும்பிக்கை மெல்ல இறங்கி, அவள் தலையை முகர்ந்து, தோளில் தங்கியது.

"கட்டை இழுத்த சங்கிலி கால்ல சுத்தி இறுக்கியிருக்கு. ஒராளு வாங்க" என்று கூப்பிட்டாள் மாதி.

யாரும் அசையவில்லை. "போவாத நைனா" என்று காதர் பாய் என் கையைப் பிடித்தார். போனேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் தனியாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் சங்கிலியைத் தளர்த்திப் பிடிக்க, சதையில் புதைந்திருந்த வளையத்தை அவள் விரலால் நெம்பினாள். யானையின் மூச்சு என் கழுத்தைச் சுட்டது. வேட்டி நனைந்துவிட்டது. வியர்வை என்றுதான் வீட்டில் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

வளையம் கழன்றது. பொன்னி காலை ஊன்றிப் பார்த்தது. சார்ஜண்ட் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

காளன் பிழைத்தான், கால் மட்டும் அப்புறம் மடங்கவில்லை. முதலாளிக்கு யானை வேண்டாம் என்றாகிவிட்டது. மலையடிவாரத்து மர வியாபாரி ஒருவர் பொன்னியை வாங்கிக்கொள்ள, காளனும் மாதியும் அதனோடே கிளம்பினார்கள். அன்று காலை சுவரில் புதிதாக ஒரு படம்: யானை, ஒரு பெண், சங்கிலி பிடித்த ஒருவன்.

"யாரும்மா இது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நீதே. கை நடுங்குது பாரு."

சீக்கிரமே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பிறகு வாடியும் போனது. அங்கே இப்போது எண்ணெய் டாங்கிகள்.

பொன்னி இருந்த நாளில், அது தெருவில் வரும் மணிச் சத்தம் கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வெளியே ஓடிவருவார்கள். அதன் வயிற்றுக்குக் கீழே பிள்ளையை நீட்டி அந்தப் பக்கம் வாங்கினால் பயம் தெளியும் என்று நம்பிக்கை. கடைசிப் பிள்ளை கைமாறும்வரை அது காலை அசைக்காது. இப்போது அதே தெருவில் லாரி ஹாரன் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.