மஞ்சள் எண் எழுதிய கிணறு

குன்னத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் வேம்பு என்று ஒருத்தி இருக்கிறாள். நல்ல உழைப்பாளி, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவளுக்கு இருக்கிற நோய் ஒன்றே ஒன்று. அந்த நோயின் பெயர் ராசாத்தி.

ராசாத்தி அவளுடைய ஓரகத்தி, மூத்தவர் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பந்தலில்தான் கல்யாணம். பத்திரிகையில் ராசாத்தி பெயர் மேலே, வேம்பு பெயர் கீழே. அன்றைக்குப் பிடித்த எரிச்சல் பிள்ளைகள் கட்டிக்கொடுக்கிற வயதுக்கு வந்த பிறகும் அணையவில்லை. ராசாத்தியின் மாடு கிடாரி போடும், இவள் மாடு காளைக்கன்று போடும். ராசாத்தி எள் விதைத்தால் மழை கேட்டு வைத்த மாதிரி பெய்யும். "எல்லாம் அவளுக்கே கொட்டுது" என்று வேம்பு கணவன் தர்மனிடம் புலம்புவாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இது போதாதென்று கிணறு வந்து சேர்ந்தது.

ஊருக்குத் தெற்கே இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டுமாம். அதற்குச் சில கிணறுகளைப் பொறுக்கினார்கள். பாகம் பிரித்தபோது வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வெட்டிய இரண்டு கிணறுகளில், ஆபீஸ்காரர்கள் கண்ணில் பட்டது ராசாத்தியின் கிணறு. சுற்றுச்சுவரில் மஞ்சள் பெயின்டில் எண் எழுதினார்கள். மாதம் ஒருமுறை பிரவீணா என்கிற பெண் ஜீப்பில் வந்து இறங்கி, கிணற்றுக்குள் டேப்பை விட்டு அளந்துவிட்டு, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று ராசாத்தியிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனாள். ஊரில் அதற்கு 'ஆபீஸ் கிணறு' என்றே பெயர் விழுந்துவிட்டது. வேம்புக்கு வயிறு பற்றி எரிந்தது.

அளக்கிற நாளில் ராசாத்தி மோட்டார் போடக் கூடாது, போட்டால் அளவு தப்பிவிடும். இதை வேம்பு காதில் வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு கிணற்றுக்கும் ஒரே ஊற்று. இங்கே இறைத்தால் அங்கே இறங்கும். இந்தக் கிணறு லாயக்கில்லை என்று ஆபீஸ்காரர்களே எண்ணை அழித்துவிட்டுப் போகட்டும் என்று, ஜீப் வருகிற நாளில் கரண்ட் வந்ததும் வராததுமாகத் தன் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஜீப் வருவதற்குள் நிறுத்திவிடுவாள். வேண்டாத தண்ணீர் அவளுடைய சின்ன வெங்காயத்தில்தான் தேங்கி நின்றது. எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

மூன்றாம் மாதம் பிரவீணா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். டேப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. வேடிக்கை பார்க்க வரப்பில் வந்து நின்ற வேம்பு, தன் மோட்டாரை இன்னும் நிறுத்தவில்லை.

"மத்த கிணறெல்லாம் ஏறுது, இது மட்டும் இறங்குதேன்னு பாத்தேன். யாரு மோட்டார் அது? யாரு போடச் சொன்னா?"

வேம்பு குனிந்து வரப்புப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். போயும் போயும் ராசாத்தி முன்னாலா மானம் போக வேண்டும்!

"நாந்தாம்மா போடச் சொன்னேன்" என்றாள் ராசாத்தி. "எம் மோட்டாரப் போடக் கூடாதுன்னுட்டீங்க, பருத்தி வாடுது. அதான் இவகிட்டத் தண்ணி கேட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பிரவீணா திரும்பிப் பார்க்கவில்லை. "உங்கள நம்பித்தானேம்மா விட்டோம்! மூணு மாச அளவும் வீணாப் போச்சு. இனிமே வேற கிணறு பாத்துக்கறோம்" என்று கடுகடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். ராசாத்தி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஜீப் போனதும் வேம்பு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத மாசமே தெரியும். அதுக்காக வெளியாளு முன்னாடி உன்னை விட்டுக் குடுத்துருவனா? போ, போயி மோட்டார நிறுத்து. வெங்காயம் அழுவிடப் போவுது."

மறுநாள் ஆள் வந்து மஞ்சள் எண்ணைச் சுரண்டிவிட்டுப் போனான். வேம்பு நினைத்தபடியே நடந்துவிட்டது. ஆனால் மத்தியானம் அவள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"அதான் நம்பர அழிச்சுட்டாங்களே, இன்னும் என்னடி ஒனக்கு?" என்றார் தர்மன்.

"அவ எடத்துல நான் நின்னுருந்தா காட்டிக் குடுத்துருப்பேன்யா." வேம்புக்குக் கண் கலங்கியது. "அந்த மனசும் அவளுக்கேதான் வாய்க்கணுமா?"