சீதன வீட்டில் வாடகைக்கு

கீரி என்ற கடலோர ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு வேறொரு பெண்ணின் சீதனம். எங்கள் பக்கத்தில் மகள் பிறந்தால் தகப்பன் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கிவிடுவார். கலியாணம் சரிவரும்வரை அதில் எங்களைப் போல யாராவது வாடகைக்கு இருப்பார்கள். மாப்பிள்ளை கிடைத்துவிட்டால் நாங்கள் சட்டி பானையைக் கட்டவேண்டியதுதான். அதற்கு முன்னர் இருந்த இரண்டு வீடுகளையும் அப்படித்தான் விட்டோம். அந்த இரண்டு கலியாணத்துக்கும் அழைப்பு வந்தது, போய்ச் சிரித்த முகத்தோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இந்த வீட்டுக்காரர் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் கொத்தனார் வேலை பழகியவர். திரும்பி வந்து, மனைவியின் காணியில், ஒரே மகளுக்காகத் தன் கையாலேயே கட்டிய வீடு அது. அவர்கள் குடியிருப்பது முருங்கனில், வயல் அங்கே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைச் சோதிக்க ஆள் வரும் என்று சாவியைத் தரும்போதே சொல்லிவிட்டார். வந்த ஆள் அந்த மகளேதான்.

முப்பது வயதைத் தாண்டியவள். மின்சார வேலை படித்துவிட்டு, முருங்கனில் வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே டெஸ்டரைக் கையில் எடுத்துவிடுவாள். மின்கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் ட்ரிப் சுவிட்சின் சின்னப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். வீடு முழுவதும் கரண்ட் போய்விட்டால்தான் அவளுக்கு முகம் மலரும். காஸ் சிலிண்டரின் குழாயில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். கதிரையில் ஏறி மின்விசிறிக் கொளுக்கியைச் சுரண்டுவாள். என் மாமியார்கூட என் குசினியை இவ்வளவு குடைந்ததில்லை.

முதல் தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாங்கள் என்ன, வீட்டைக் கொளுத்தவே வந்தனாங்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

“நீங்கள் கொளுத்தமாட்டியள் அக்கா, உப்புக்காத்துக் கொளுத்தும்” என்றாள், கதிரையிலிருந்து இறங்காமலே.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. அன்று அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்தேன். மீன் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதன்பிறகு அவள் வரும் நாளைப் பார்த்துத்தான் நான் நல்ல மீன் வாங்குவேன்.

போகும்போது எனக்கு வேலை தந்துவிட்டுப் போவாள். வீட்டின் பின்பக்கம் நிலத்தில் அடித்திருந்த எர்த் கம்பிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். “இது கீரி மணல் அக்கா, ஈரம் நிக்காது. காய விட்டால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரித்தான்” என்பாள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான் வாளியோடு போய் அந்த இரும்புக் கம்பிக்குத் தண்ணீர் விடுவதைப் பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பார். “கம்பி எப்ப பூக்குமாம்?” என்று ஒருநாள் கேட்டார். “பூத்தால் முதல் பூ உங்களுக்குத்தான்” என்றேன்.

அதோடு நிற்கவில்லை. யன்னல் பிணைச்சல்கள் துருப்பிடித்து இறுகாமல் எண்ணெய் விட்டேன். மீற்றர் பெட்டிக்குக் கீழே சுவரில் முதுகு சொறிய வரும் கழுதைகளைத் தும்புத்தடியோடு துரத்தினேன். மாரி தொடங்க முன்னர் ஆள் பிடித்து ஓடுகளைச் சரிபார்ப்பித்தேன். கந்தோரில் வேலை செய்துகொண்டிருக்கும்போதுகூட, காஸைப் பூட்டினேனா என்று மனம் வீட்டுக்குப் போய்வரும். வாழ்க்கையில் எந்த வீட்டிலும் எனக்கு அப்படியொரு ஒட்டுதல் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அது எங்களுடையதில்லை என்பதை நான் மறக்கப் பார்த்தேன்.

என் கணவர் மறக்க விடமாட்டார். “நீ எவ்வளவு வடிவா வைச்சிருக்கிறியோ, அவ்வளவு கெதியா மாப்பிள்ளை வருவான். பிறகு நாங்கள் றோட்டில” என்பார்.

அவர் வாய் முகூர்த்தம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். வீட்டுக்காரர் புதுச் சேர்ட்டில் நின்றார். மகள் சேலை உடுத்து, கதிரையின் நுனியில் இருந்தாள். டெஸ்டர் இல்லாத அவள் கையைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. மாப்பிள்ளையின் மாமன்காரர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கைபேசியைத் தூக்கிப் பிடித்து அறை அறையாக வீடியோ எடுத்தார். அவருடைய தாய்க்காரி என்னைக் குசினிக்குள் ஒதுக்கிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நீங்கள் இருக்கிற ஆக்கள், உங்களுக்குத்தான் தெரியும். மாரிக்கு ஒழுகுமோ?”

‘ஓம், கொஞ்சம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்னும் ஓரிரண்டு வருடம் அங்கேயே இருக்கலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த வீட்டைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒரு துளி ஒழுகாது அம்மா. கரண்டிலயும் ஒரு பிழை இல்லை” என்றேன், ஏதோ நானே கட்டிய வீடு மாதிரி.

பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டார்கள். எல்லைக் கற்கள் சரியா, பின் வளவில் இன்னோர் அறை இறக்கலாமா என்று கேட்டார்கள். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை கதிரையில் இருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

“வீட்டைப் பற்றி எல்லாம் கேட்டீங்கள், வீட்டுக்காரியைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே. இந்த வீட்டு வயரிங் எல்லாம் அவ செய்தது. ஒரு பொறி பறக்காமல் நாங்கள் இருக்கிறது அவவாலதான்.”

தாய்க்காரி சிரித்தார். “நல்லது. கலியாணத்துக்குப் பிறகு அதெல்லாம் தேவைப்படாதுதானே.”

அவள் தலையை நிமிர்த்தி அந்த அம்மாவை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

வீடு பிடித்துவிட்டதாக இரண்டு நாளில் செய்தி வந்தது. நான் கடைகளில் வெறும் அட்டைப்பெட்டிகள் சேர்க்கத் தொடங்கினேன். கம்பிக்குத் தண்ணீர் ஊற்றப் போய் நின்று அழுதேன். கணவர் கண்டும் காணாத மாதிரி உள்ளே போய்விட்டார்.

மூன்று மாதத் தவணைக்கு அவள் வந்தாள். வந்தவள் எதையும் சோதிக்கவில்லை, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“அந்தக் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன் அக்கா.”

எனக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோசத்தை மறைக்க, தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் ஓடினேன். நான் கோப்பையோடு திரும்பி வர, அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

“அப்பாவோட ஒரே சண்டை. எனக்கெண்டுதானே கட்டினனீங்கள், மாப்பிள்ளை வந்தால்தான் தருவீங்களோ, இப்பவே என்ர பேருக்கு எழுதுங்கோ எண்டு கேட்டன். கனநாள் கதைக்காமல் இருந்தவர், கடைசியில எழுதித் தந்திட்டார்.”

“நல்ல காரியம் செய்தனீர்!” என்றேன். மனதார.

“நான் இங்க வந்து இருக்கப்போறன் அக்கா.”

கோப்பையை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் டக்கென்று வைத்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேனே என்று என் மீதே ஆத்திரம் வந்தது. அன்றைக்குத் தேநீரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். “தனிய இருந்து பழக்கமில்லை. உண்மையாப் பயமாக் கிடக்கு. நீங்கள் தூரப் போயிடாதேங்கோ. இந்த ஒழுங்கையிலயே ஒரு வீடு பாருங்கோவன் அக்கா.”

வந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அழுததில் தேத்தண்ணி ஆறிப்போனது.

அதே ஒழுங்கையில் ஒரு வீடு கிடைத்தது. கூரை ஒழுகுகிறது, யன்னல்கள் பூட்டினால் திறக்காது, திறந்தால் பூட்டாது. அவள் வந்து பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “இதையோ அக்கா எடுக்கப்போறியள்?” என்று கேட்டாள்.

எடுத்தோம். வீட்டுக்காரருக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள்.