குறைதீர் கூட்டத்துக்கு வாங்கிய அடாப்டர்

இன்று விவசாயிகள் குறைதீர் கூட்டம் இணையவழியில் நடந்தது. போர்வெல்லுக்கு மின் இணைப்பு கேட்டு அலைந்துகொண்டிருக்கும் சித்தப்பா, "இன்னிக்கு நேராவே கேட்டுடுறேன்" என்று காலையிலேயே வந்துவிட்டார்.

என் லேப்டாப்பில் மைக் வேலை செய்வதில்லை. ஆண்டிமடம் கடைத்தெருவில் ஓர் ஆடியோ அடாப்டர் கிடைத்தது. கம்பெனிப் பெயர் எதுவும் அச்சிடவில்லை. ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையில் ஹெட்செட்டை மாட்ட வேண்டும்.

"இதுல மைக் வேலை செய்யுங்களா?"

"பாட்டு சூப்பரா கேக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

கூட்டம் தொடங்கியது. அதிகாரி பேசுவது சித்தப்பாவுக்குக் கேட்டது. சித்தப்பா கத்தியதுதான் அதிகாரிக்குக் கேட்கவில்லை.

"அந்தக் கருமத்தப் புடுங்கிட்டு மறுபடி சொருவுடா!"

செருகினேன். செட்டிங்ஸில் பழைய மைக்குக்குப் பதிலாக அடாப்டரைத் தேர்ந்தெடுத்தேன். சித்தப்பாவின் குரலைப் பதிவு செய்து, ஹெட்செட்டை நானே மாட்டிக்கொண்டு கேட்டேன். காது அடைத்துக்கொண்டது. அடாப்டர் உத்தமமான சரக்கு.

பிறகுதான் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். கூட்டத்தை நடத்துகிறவர்கள் விவசாயிகள் அத்தனை பேரின் மைக்கையும் அணைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள்.

"யாருக்கும் எந்தக் குறையும் இல்லேன்னு தெரியுது. ரொம்ப சந்தோஷங்க" என்று அதிகாரி கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என்னடா சொன்னாரு?" என்கிறார், ஹெட்செட் என் காதில் இருந்ததால் எதையும் கேட்காத சித்தப்பா.

நம் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிற அடாப்டர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். மனிதர் பதிலுக்காக எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.