மீன் வைத்தியர் சுஐபும் சதக் வீட்டு நல்ல தண்ணீரும்

மீனுக்கு வைத்தியம் பார்த்து ஒருவர் பிழைக்க முடியும் என்பதை தேவிபட்டினம் இன்னும் முழுதாக நம்பவில்லை. காலையில் கூடை கூடையாக ஏலம் போகும் ஒன்றுக்கு, மாலையில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு நோய் பார்க்கப் போனால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

"ஏலே சுஐபு, எங்க வீட்டு நகரை மீனுக்குக் காலையிலேர்ந்து ஒரே அசதி. கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போலே" என்று டீக்கடையில் கூப்பிடுவார்கள். சுஐபு கோபித்துக்கொண்டதில்லை. "பாத்தேன்னா எனக்கும் ரெண்டு துண்டு வைக்கணும்" என்பார்.

வயது நாற்பத்து நான்கு. டிரைவர் விசாவில் கத்தார் போனவர். அங்கே கார் ஓட்ட வேறு ஆள் இருந்ததால் சுவர் நீளத்துக்கு இருந்த மீன் தொட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். பதினோரு வருடம் அதைத் துடைத்தும் அதற்குள் செத்தவற்றை எண்ணியும் கற்றதுதான் படிப்பு. இப்போது ராமநாதபுரம் முதல் ராமேஸ்வரம் லாட்ஜுகள் வரை தொட்டி வைத்திருப்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பையில் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துகள், கல்லுப்பு, நீல மருந்து ஒரு புட்டி. சந்தையிலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், நோயாளி வீட்டிலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். முன்னது தின்னலாமா என்பதற்கு, பின்னது பிழைக்குமா என்பதற்கு.

அவர் கேட்கும் முதல் கேள்வி மீனைப் பற்றியதாக இருக்காது. "தொட்டி புதுசா?" என்பார். பெரும்பாலும் புதிதாகத்தான் இருக்கும். மீனின் கழிவு தண்ணீரில் நஞ்சாக மாறும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. பளபளவென்று கழுவிய தொட்டியில் அவை குடியேற ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் மீன் செத்துப்போகும். "சுத்தம்தான் கொல்லுது" என்பார், ஐந்து வேளையும் கை கால் முகம் கழுவித் தொழுகிற சுஐபு.

சதக் வீட்டு மீன்கள் சாகத் தொடங்கியபோதும் அவர் இப்படித்தான் நினைத்தார்.

சதக் குவைத்தில் இருபது வருடமாக இருப்பவர். ஊர்க்கோடியில் புது வீடு கட்டினார். அதைவிடப் பெரிய செய்தி, அங்கே இருபத்தைந்து அடியில் நல்ல தண்ணீர் வந்தது. எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற ஊரில், வாயில் வைத்தால் இனிக்கிற தண்ணீர். சதக் நன்மையை நினைத்து, மதிலுக்கு வெளியே தெருவுக்கென்று ஒரு குழாயும் போட்டுக்கொடுத்தார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த தெரு அவருக்காக துஆ செய்தது.

பழைய வீட்டிலிருந்து பதினோரு தங்கமீன்களும் புது வீட்டுக்கு வந்தன. ஹாலில் ஐந்தடித் தொட்டி. குவைத்திலிருந்தபடி மீன்களைப் பார்க்கவும், வேண்டும்போது வீட்டோடு பேசவும் அதன் மேல் ஒரு கேமரா. மூன்றாம் நாளே ஒன்று மிதந்தது. சுஐபு அப்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "தெனம் பாதித் தண்ணிய மாத்துங்க காக்கா, சரியாப்போகும்" என்று சதக்கிடம் போனிலேயே சொன்னார். அப்படியே மாற்றினார்கள். பத்து நாளில் ஏழு செத்தன.

சதக்கின் மனைவி சாலிஹா இதற்குக் கலங்கவில்லை. புது வீட்டுக்கு வரும் பலாய் முசீபத்து என்கிற கெடுதலையெல்லாம் மீன்கள் தம்மேல் வாங்கிக்கொள்கின்றன என்று நம்பினார். ஒவ்வொரு மீன் மிதக்கும்போதும் வீடு இன்னும் கொஞ்சம் பத்திரமானதாக அவருக்குப் பட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மாஷிதா உள்ளறையில் இருந்தாள். அவளுடைய இரண்டு மாதக் குழந்தை லாமியா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அழுவதே இல்லை. எந்நேரமும் தூக்கம். வீட்டு ராசி என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சுஐபு நேரில் வந்தார். மிச்சமிருந்த நான்கும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. உடம்பில் புள்ளி இல்லை, துடுப்பில் அழுகல் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துச் செவுளின் துடிப்பை எண்ணினார். இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. வடிகட்டியைத் திறந்தார். பழைய தொட்டியின் பஞ்சைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தார்கள். நஞ்சைத் தின்னும் உயிர்கள் அதிலேயே வந்திருக்கும். அப்படியானால் புதுத் தொட்டியைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் யோசிக்கும்போதே ஒன்று புரண்டு விழுந்தது. எடுத்துச் செவுளைத் தூக்கினார். மூடாமல் அப்படியே சாலிஹாவிடம் நீட்டினார்.

"லாத்தா, இத வாங்குவீகளா?"

நாற்பது வருடமாகச் செவுள் பார்த்து மீன் வாங்கும் கை. சாலிஹா முகத்தைச் சுளித்தார். "சீச்சி. நாலு நாளு ஐஸுல கெடந்த செவுளு. கடுங்காப்பியாட்டம் இருக்கு."

"செத்து ரெண்டு நிமிசம் ஆகல. ரத்தமே இந்த நெறமாயிருக்கு. மூச்சு உள்ள போயும் ரத்தத்துல ஒட்டல."

தொட்டித் தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துச் சொட்டு விட்டார். ரோஜா நிறம், கெட்ட நிறம். பிறகு சமையலறைக் குழாயில் பிடித்து விட்டார். அது பீட்ரூட் சாறாக மாறியது. தொட்டியைவிடக் குழாய் மோசம். பத்து நாளாகப் பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னவர் யார் என்பது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.

பின்வாசலுக்குப் போனார். ஆழ்குழாய்க்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் எட்டு வைத்துப் பார்த்தார். ஏழே எட்டுதான்; கழிவிலிருந்து ஊறிய நஞ்சுதான் குழாயில் வருகிறது. தண்ணீர் உப்பாக இருந்திருந்தால் இந்த நஞ்சு செவுளுக்குள் அவ்வளவு எளிதாக நுழைந்திருக்காது. இந்த ஊரில் முதல்முறையாக உப்பு இல்லாததுதான் குறையாகப் போனது.

திரும்பி வந்தபோது சாலிஹா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றார். சுஐபு குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பழக்கம் அது. வாயைப் பார்த்தார். நாவற்பழம் சப்பியதுபோல இருந்தது. அவர் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது; குழந்தையின் மூச்சை எண்ணினார்.

"லாத்தா, புள்ளைக்கு என்ன குடுக்குறீக?"

"தாய்ப்பால் பத்தல. நாப்பதாம் நாள்லேர்ந்து மாவுப்பாலு. நம்ம தண்ணிய மூணு தடவ கொதிக்கவச்சுத்தான் கலக்குறேன்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்த நஞ்சு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்.

"ஒதடு எப்பயிருந்து இப்புடி?"

"ஏசி ஒத்துக்கல." சாலிஹாவின் குரல் மாறியது. "நீ எதுக்குப் புள்ளையப் பாக்குறே? மீன் வைத்தியத்த மீனோட வச்சுக்க."

அப்போது கேமராவிலிருந்து சதக் பேசினார். "சுஐபு, அங்கன என்ன பஞ்சாயத்து? மீன மட்டும் பாத்துட்டுப் போ."

சுஐபுக்கும் அதுதான் ஆசை. இத்தனை வருடத்தில் மனிதர் யாருக்கும் அவர் ஒரு தலைவலி மாத்திரைகூடச் சொன்னதில்லை. செத்த மீனை எடுத்தார். செவுளைத் தூக்கியபடி குழந்தையின் உதட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல லாத்தா. நீங்களே பாருங்க."

சாலிஹா பார்த்தார். செவுளை, உதட்டை, மறுபடியும் செவுளை. பிறகு குழந்தையின் நகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மாஷிதா, வெளிய வா! ஆட்டோவக் கூப்புடு தம்பி."

கேமரா என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை எடுத்தபோது ஊசிக்குழலில் கடுங்காப்பி ஏறியது. டாக்டரம்மா அதைக் கண்டதும் "என்ன தண்ணி?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார். அடர்நீலம். சுஐபு தன் பையின் ஜிப்பைக் கையால் மூடிக்கொண்டார். மீனுக்கென்று விற்கும் அதே பெயர் மருந்து உள்ளே ஒரு புட்டி இருந்தது. அதை அந்தக் குடும்பத்திடம் சொல்வது மரியாதையாக இருக்காது.

முக்கால் மணி நேரத்தில் லாமியாவின் உதடு சிவந்தது. கொஞ்சத்தில் அழத் தொடங்கினாள். பத்து நாள் பாக்கியையும் சேர்த்து அழுதாள். மாஷிதாவும் அழுதாள்.

"இன்னும் ரெண்டு நாள் தாண்டியிருந்தா என் கையில இல்ல" என்றார் டாக்டரம்மா. "பெரியவங்கள அந்தத் தண்ணி ஒண்ணும் பண்ணாது, அதனாலதான் யாருக்கும் தெரியாமப் போகுது. கைக்குழந்தைதான் மாட்டும். சரி, அந்தத் தண்ணிய வேற யாரு குடிக்கிறாங்க?"

சாலிஹா சுஐபைப் பார்த்தார். மதிலுக்கு வெளியே இருந்த குழாய் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

பொழுது சாய்வதற்குள் சுஐபு ஊர் திரும்பினார். குழாயடியில் எட்டுக் குடங்கள் வரிசையாக இருந்தன.

"மீன் டாக்டருக்கும் குடமா? வரிசையில வாங்க" என்றாள் ஒருத்தி. "மீனுக்கு ஊசி போடத் தண்ணி வேணுமாம்ல" என்றாள் அடுத்தவள்.

சுஐபு குழாயை இறுக்கி மூடி அதன் முன்னால் நின்றுகொண்டார். கூச்சல் எழுந்தது. நல்ல தண்ணீரை நிறுத்த இவர் யார், சதக் போட்ட குழாய் இவர் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார்கள். அவர் எல்லோருடைய கையையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சண்டைய அப்பறம் போடுங்க. யாரு வீட்டுல கைப்புள்ள இருக்கு?"

சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் செவ்வந்தி மட்டும் சிரிக்காமல் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுலதேன்," என்றாள். "ஏண்ணே? நல்ல புள்ள. நேத்துலேர்ந்து அழுகவே இல்ல."